பிசாவ் துறைமுகத்தில் ஒரு முந்திரி சீசன்

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் கினி-பிசாவின் தலைநகர் பிசாவில் முந்திரி சீசனில் வேலை பார்த்திருக்கிறேன். தூத்துக்குடி ஆலை ஒன்றுக்காகச் சரக்கின் தரம் பார்க்கப் போயிருந்தேன். அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் முந்திரிதான். உடைத்துப் பருப்பாக்க அங்கே ஆலைகள் குறைவு என்பதால் பெரும்பகுதி ஓட்டோடு மூட்டை கட்டி இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் கப்பலேறுகிறது.

குடோனில் பல மூட்டைகளிலிருந்து கொட்டை எடுத்துக் கலந்து, ஒரு கிலோ நிறுத்து, கட்டரில் ஒவ்வொன்றாக வெட்டுவோம். நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது என்று பிரித்து எடை போட்டால், 80 கிலோவுக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பது தெரிந்துவிடும். அதுதான் அவுட்டர்ன். பிசாவ் சரக்கு 50 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். அதனால்தான் நம்மூர் ஆலைக்காரர்களிடம் அதற்கு அவ்வளவு மவுசு. ஓட்டு எண்ணெய் பட்டால் விரலில் தோல் உரியும். வெட்டுகிற பையன்கள் சாம்பலைத் தடவிக்கொண்டு உட்காருவார்கள்.

சிக்கல் துறைமுகத்தில்தான். ஜேபா ஆற்றுக் கழிமுகத்தில் இருக்கும் சின்ன இடம். மே, ஜூனில் எல்லாச் சரக்கும் ஒரே நேரத்தில் வந்து குவியும், அப்போதுதான் மழையும் பிடிக்கும். தார்ப்பாய்க்கு அடியில் லாரி நிற்க நிற்க மூட்டையில் ஈரம் ஏறும், அவுட்டர்ன் இறங்கும். நஷ்டத்தை ஏற்றுமதிக்காரர் அடுத்த கொள்முதல் விலையில் கழித்துவிடுவார். கடைசியில் அடி வாங்குவது, கொட்டையைக் கொடுத்து அரிசி வாங்கும் விவசாயி. எனக்கு இது இன்றுவரை ஆறவில்லை.

மூட்டை ஏற்றும் பெரியவர் ஒருவர் ஒருநாள் சாயங்காலம் பிஜிகிட்டி என்ற துறைமுகக் கரைக்குக் கூட்டிப்போனார். கரையோரம் பெரிய கறுப்பு முஷ்டிச் சிலை. 1959 ஆகஸ்ட் 3 அன்று கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த துறைமுகத் தொழிலாளர்களைப் போர்த்துகீசிய போலீஸ் அங்கேதான் சுட்டது. ஏறத்தாழ 50 பேர் செத்தார்கள். விடுதலைப் போராட்டம் ஆயுதப் போராட்டமாக மாறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பெரியவர் அதிகம் பேசவில்லை, "கூலிதானே கேட்டார்கள்" என்றார்.

கொள்முதலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முடிந்தவரை ஏப்ரலிலேயே வாங்கி ஏற்றிவிடுங்கள். கன்டெய்னரின் உள்பக்கம் கிராஃப்ட் பேப்பர் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். அப்புறம், கொட்டையை வெட்டித் தரம் பார்ப்பதைக் கிராமத்திலேயே, விளைவித்தவர் கண் முன்னால் ஒருமுறை செய்யுங்கள். தன் சரக்கு எத்தனை பவுண்டு என்று தெரிந்த விவசாயியிடம் அடிமாட்டு விலை பேச முடியாது.