கிரைம்ஸ் கிரேவ்ஸ் குழியில் கிடந்தது படையலா, போட்டுவிட்டுப் போன கருவியா?

கற்கோடன்: இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற புதிய கற்காலச் சக்கிமுக்கிச் சுரங்கங்களில் கிடைத்த மான் கொம்புகள் அத்தனையும் பூமித்தாய்க்கு வைத்த படையல் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 400க்கும் மேற்பட்ட குழிகள், சில 12 மீட்டர் ஆழம். சுண்ணப்பாறையைக் கொம்பால் நெம்பித்தான் அடியிலிருந்த நல்ல கல்லை எடுத்தார்கள். தேய்ந்த கொம்பை யார் மேலே தூக்கிவருவார்கள்?

தொல்நிலா: எழுதியது நான். பெயர் சொல்லியே திட்டலாம். 1868-70இல் கிரீன்வெல் பாதிரியார் தோண்டிய குழியில் இரண்டு கொம்புகளுக்கு நடுவே ஒரு பறவையின் மண்டையோடு, கூடவே பச்சைக்கல் கோடாலி. அந்தக் கல் நாட்டின் மறுகோடியான கார்ன்வாலைச் சேர்ந்தது. சக்கிமுக்கி கொட்டிக் கிடக்கும் இடத்துக்கு அது எதற்கு?

கற்கோடன்: வெட்டுவதற்கு! கோடாலித் தழும்பு சுரங்கச் சுவரில் இருந்ததைக் கிரீன்வெல்லே பதிவுசெய்தார்.

தொல்நிலா: உழைத்த கருவியைப் படைக்கக் கூடாதா? பறவைக்குப் பதில் சொல்லுங்கள்.

கற்கோடன்: குழியில் விழுந்து செத்திருக்கும். சுவரில் தழும்பு இருக்கிறது.

தொல்நிலா: இரண்டு கொம்புகளுக்கு நடுவே இடம் பார்த்து விழுந்ததா?

வடமலை: 15ஆம் குழியை மறந்துவிட்டீர்களே! 1939இல் தொல்லியலாளர் ஆம்ஸ்ட்ராங் அங்கே கண்டெடுத்த சுண்ணக்கல் பெண்சிலை. அந்தக் குழியில் நல்ல கல் கிடைக்காததால் வேண்டிக்கொண்டு வைத்தது.

கற்கோடன்: அது போலி என்ற சந்தேகம் தொல்லியலாளர்களிடம் பல காலமாக இருக்கிறது. இதுதான் உங்கள் தரப்பின் சாட்சியா?

தொல்நிலா: வடமலை, அந்தச் சிலையை இழுக்காதீர்கள். என் வாதத்தைக் கெடுக்கிறீர்கள்.

வடமலை: ஸ்டோன்ஹெஞ்ச் விவாதத்திலும் இப்படித்தான் என்னைக் கைவிட்டீர்கள். சிலை போலி என்று எவரும் நிரூபிக்கவில்லை.

தொல்நிலா: அந்தப் பழைய சண்டை இங்கே வேண்டாம்.

கற்கோடன்: உங்களுக்குள் முதலில் பேசி முடியுங்கள். நான் அதுவரை காத்திருக்கப்போவதில்லை. சுவரில் தழும்பு இருக்கிறது. வேலை செய்த கருவி, வேலை முடிந்ததும் விடப்பட்டது. வயிற்றுப்பாட்டுக்காக இருட்டில் முதுகு ஒடிய உழைத்தவர்களைப் பூசாரிகளாக்குவது அவர்களுடைய திறமையைத் திருடுவது.

தொல்நிலா: திறமையை யார் மறுத்தார்கள்? சஸ்ஸெக்ஸின் சிஸ்பரி சுரங்கக் குழியில் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்ததே, அவளும் தேய்ந்த கருவியா?

கற்கோடன்: விபத்தாக இருக்கலாம். பேச்சை மாற்றாதீர்கள். சுவரில் தழும்பு இருக்கிறதா, இல்லையா?

தொல்நிலா: பறவை?