கவுன்சிலர் இல்லாத ஆண்டுகளில் செய்தி சேகரித்தது: உங்கள் அனுபவம் என்ன?

பேரூராட்சி ஒன்றில் பகுதிநேர நிருபராக இருந்தேன். மன்றக் கூட்டம் என்றால் அஜெண்டா நகல் முதல் நாளே கைக்கு வந்துவிடும். கொடுப்பவர் பெரும்பாலும் எதிர்க்கட்சிக் கவுன்சிலர். தெருவிளக்கு பில்லில் சந்தேகம் என்றால் அவரே எழுந்து கேட்பார், தலைவர் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டையும் குறித்து அனுப்பினால் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடும். வெளிநடப்பு என்றால் படத்துடன்.

2016 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, மன்றங்களின் இடத்தில் தனி அலுவலர்கள் என்ற அரசு அதிகாரிகள் வந்தார்கள். தீர்மானம் போடுவதும் அவர், நிறைவேற்றுவதும் அவர். டெண்டர் விவரம் கேட்டால், "மனு எழுதிக் கொடுங்க சார்." தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பதிலுக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் சாலையே போட்டு முடித்துவிடுவார்கள். முகாம் தொடக்கம், மரக்கன்று நடல், அதிகாரி ஆய்வு என்று என் செய்திகள் சுருங்கின. யாரும் மிரட்டவில்லை. கேள்வி கேட்க உரிமையுள்ள ஆள் உள்ளே இல்லை, அவ்வளவுதான்.

உள்ளூர்ப் பத்திரிகை ஜனநாயகத்தை வளர்க்கிறது என்று மேடையில் பேசுவார்கள். நான் பார்த்ததில் பாதி தலைகீழ்: மன்றம் இருந்தால்தான் பத்திரிகைக்குச் செய்தி. ஊரகத் தேர்தல் பல மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தது. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான். புது மன்றத்தில் ஒரு சுயேச்சைப் பெண் உறுப்பினர் பழைய குடிநீர்க் குழாய்க் கணக்கைக் கேட்டார். வருடக்கணக்கில் என் கண்ணில் படாத கோப்பு மேஜைக்கு வந்தது. தலைவர் தரப்பு விளம்பரம் கொடுத்த வாரம் என்பதால் அச்சில் அது நாலு வரியானது தனிக்கதை.

மறுமொழி:

எங்கள் சமுதாய வானொலியில் அந்த நாலு வரியும் முடியாது. மத்திய அரசின் 2006 சமுதாய வானொலிக் கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் தந்தது, ஆனால் செய்தியும் அரசியலும் ஒலிபரப்பக் கூடாது. தண்ணீர் வராத தெருவைப் பற்றிப் பேசுவோம். "அந்தப் பணம் எங்கே போச்சு?" என்று நேயர் ஆரம்பித்தால் பாட்டு போட்டுவிடுவோம். அப்புறம் கிராம சபைத் தேதிகளை விடாமல் சொன்னோம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. (2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்தன.) பாட்டு போட்டு நிறுத்திய கேள்வியை அங்கே போய்க் கேட்டவர்கள் உண்டு. என்ன பதில் கிடைத்தது என்பதைத்தான் எங்களால் ஒலிபரப்ப முடியவில்லை.