சேலைக்காரருக்கு கேற்றைப் பூட்டிய மாமாவும், நொத்தாரிசு எனக்குச் சொன்னதும்

கல்லடியான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சொந்த ஊர் மட்டக்களப்பில் கல்லடி. 1998இல் சுவிஸ் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்து, எஃப் விசா, பி விசா, சி விசா என்று ஒவ்வொரு படியாக ஏறி 2013இல் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்தேன். இன்றைக்கும் ரெஸ்டோரண்ட் குசினியில்தான் வேலை.

போன ஆடி மாதம் மூன்று கிழமை ஊருக்குப் போய் வந்தேன். ஒரு நாள் காலையில் மாமா வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் பெரிய துணிமூட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். தமிழ்நாட்டுப் பேச்சு. "சேலை பாக்குறீங்களாம்மா, கடனுக்கும் தர்றோம்" என்று மாமியைக் கேட்டார். மாமா எழும்பிப் போய் கேற்றைப் பூட்டிவிட்டு வந்தார். "விசிட் விசாவில வந்து வீடு வீடா யாவாரம் செய்யிறானுகள். பஜாரில கடை வச்சிருக்கிற நம்மட பொடியன் வாடகை கட்டோணும், வரி கட்டோணும், இவனுகளுக்கு ஒண்டும் இல்ல" என்றார். நானும் "ஓம் மாமா, பொலிசுக்குச் சொல்ல வேண்டும்" என்று ஒத்து ஊதினேன்.

அடுத்த கிழமை பிள்ளைகளோடு பொத்துவிலில் இருக்கிற அலைச் சறுக்கல் கடற்கரையான அறுகம்குடாவுக்குப் போனோம். ஒரு கடையில் உட்கார்ந்தால் நடத்துகிறவரும் வெளிநாட்டவர், காசு வாங்குகிறவரும் வெளிநாட்டவர், மெனுவில் தமிழும் இல்லை சிங்களமும் இல்லை. ஊர்ப் பொடியன் ஒருவன் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். (சூரிச்சில் முதல் ஆறு வருடம் நான் கழுவியதும் கோப்பைதான். அது அந்த நேரம் ஞாபகத்துக்கே வரவில்லை.) எனக்கு ஏறிவிட்டது. "இவங்கள் எல்லாரையும் பிடித்து அனுப்ப வேண்டும்" என்றேன். மகள் போனில் இருந்து தலையை நிமிர்த்தி, "அப்பா, நீங்கள் எஸ்விபி போஸ்டர் மாதிரிக் கதைக்கிறீங்கள்" என்றாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டவர் வருவதைக் குறைக்க வேண்டும் என்று சுவிஸில் அடிக்கடி வாக்கெடுப்புக் கொண்டுவருகிற கட்சி அது. 2014 பெப்ரவரி 9ஆம் தேதி அவர்கள் கொண்டுவந்தது 50.3 வீத வாக்கால் வென்றது. பாஸ்போர்ட் எடுத்த பிறகு நான் போட்ட முதல் பெரிய வாக்கு அதுதான். வேண்டாம் என்று போட்டேன், தோற்றோம். என்னோடு வேலை செய்த நம்மட ஆள் ஒருவர் ஆம் என்று போட்டார். "வந்த ஆக்கள் காணும், இனியும் வந்தால் எங்கட பிள்ளைகளுக்கு வேலை இல்லை" என்றார். அவரோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்படிப்பட்ட நான் பொத்துவிலில் நின்று என்ன சொன்னேன் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசிக் கிழமைதான் பெரிய அடி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாமாவுக்கு இருக்கிற வயலில் இரண்டு ஏக்கரை எனக்கு விற்க ஒத்துக்கொண்டார். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனோம். அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இரட்டைக் குடியுரிமை எடுத்தீங்களா?" என்றார். இல்லை. "அப்ப நீங்க வெளிநாட்டவர். உங்கட பேரில உறுதி எழுத ஏலாது." வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்துகிற 2014ஆம் ஆண்டுச் சட்டமாம். மாமா என்னைப் பார்க்கவில்லை, சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கேள்வி இதுதான். நான் இரட்டை வேடம் போடுகிறேனா, அல்லது ஊரில் நமக்கு இருக்கிற பயம் வேறு, சுவிஸ்காரனுக்கு இருக்கிற பயம் வேறா? வேறு நாடுகளில் இருக்கிறவர்களும் ஊரில் இருக்கிறவர்களும் சொல்லுங்கள். ஏசினாலும் பரவாயில்லை.

மருதமுனை_டோஹா எழுதியது:

அண்ணன், உங்களுக்கு அங்கே வாக்காவது இருக்கிறது. நான் கட்டாருக்கு வந்து பதினொரு வருடம். எத்தனை வருடம் இருந்தாலும் நாங்கள் இங்கே குடியேறியவர்கள் இல்லை, வேலைக்கு வந்தவர்கள். வேலை போனால் ஐடியும் போகும். இந்த நாட்டுச் சொந்தக் குடிமக்கள் மொத்தச் சனத்தில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் எங்களைப் போன்றவர்கள். அவர்களுக்கும் ஒரு பயம் இருக்கும்தானே, இவ்வளவு பேரையும் இருக்கவிட்டால் நாடு யாருடையது என்று. அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே யாரையும் உட்காரவிடாமல் வைத்திருக்கிறார்கள். முந்தியைவிட இப்போது பரவாயில்லை, கம்பனி மாற பழைய முதலாளியின் கடிதம் தேவை என்றிருந்ததை 2020இல் எடுத்துவிட்டார்கள். 2021 மார்ச்சில் இருந்து ஆகக் குறைந்த சம்பளம் 1000 ரியால், சாப்பாடும் தங்குமிடமும் கம்பனி தராவிட்டால் அதற்கு 300, 500 என்று மேலதிகம். வீட்டு வேலைக்கு வருகிற நம்மட பெண்களுக்கும் அது பொருந்தும், கையில் கிடைக்கிறதா என்பது வேறு கதை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஊரில் காணி விலையை ஏற்றியது யார்? சேலைக்காரரா? ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் வீடு கட்டிக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை தன் கல்யாணத்தைப் பற்றிக் கதைக்க முடியாது, உங்கள் பக்கமும் அப்படித்தான். அந்த வீட்டுக்காக நான் ரியாலோடு வந்து நிற்பேன், நீங்கள் பிராங்கோடு வந்து நிற்பீர்கள், நடுவில் ஊரில் இருந்து நெசவும் கூலியும் செய்கிற மனிசன் ஐந்து பேர்ச் காணியும் வாங்க முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு நம்மட ரெண்டு பேரும்தான் வெளிநாட்டுக்காரன். என் மச்சான் முகத்துக்கு நேரே சொன்னான், இரண்டு நாள் கோபமாக இருந்தது, மறுகா யோசித்தால் சரிதான்.

பொத்துவில்_அலை எழுதியது:

அறுகம்குடா என்றதும் வந்தேன். எனக்கு இங்கே சுற்றுலாக்காரர் தங்குகிற நாலு கபானாக் குடில் இருக்கிறது, சீசனுக்கு ஓட்டோவும் ஓடுவேன். ஆளாளுக்கு வெளியில் இருந்து கதைக்கிறார்கள், உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

சுற்றுலா விசாவில் வந்தவர் தன் பெயரில் கடை திறக்க முடியாது. அப்போ எப்படித் திறக்கிறார்? நம்மட ஊரில் ஒருவர் பெயர் கொடுக்கிறார். வியாபாரப் பதிவு அவர் பெயரில், காணிக் குத்தகை அவர் பெயரில், மாதம் ஒரு தொகை அவர் கையில். நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நாமே தெருவில் நின்று "வெளிநாட்டுக்காரன் ஊரைப் பிடித்துவிட்டான்" என்று கத்துகிறோம். இதைச் சொன்னால் ஊரில் எனக்குப் பகை, ஆனாலும் உண்மை. அலைச் சறுக்கல் சொல்லிக் கொடுக்கிற வேலைதான் மனசுக்கு எரிச்சல். அந்தக் கடலில் பிறந்து வளர்ந்த பொடியன்மார் இருக்கும்போது அதையும் விசிட் விசாவில் வந்தவர் செய்கிறார், தன் நாட்டு ஆக்களையே கூப்பிட்டுத் தன் நாட்டுக் கணக்கிலேயே காசை வாங்கிக்கொள்கிறார். அந்தக் காசு இந்த மண்ணில் விழவே இல்லை. சட்டம் இருக்கிறது, பிடிக்கட்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் "எல்லாரையும் அனுப்பு" என்று மட்டும் சொல்லாதீர்கள் கல்லடியான். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்குடாவுக்குப் போகாதே என்று எச்சரிக்கை விட்டது ஞாபகம் இருக்கும். தெருவில் வெளிநாட்டவரைவிடப் பொலிசும் ஆமியும் கூட. எல்லாரையும் அனுப்பினால் எப்படி இருக்கும் என்று நாங்கள் அப்போது பார்த்துவிட்டோம், ஒரு ரொட்டிக் கடைக்காரர் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு யாரும் வராமல் இரவு நாய்களுக்குப் போட்டார்.

பின்னால் கோப்பை கழுவின பொடியன் யாரென்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவன் கொரியா வேலைக்கு மொழிப் பரீட்சை எழுதக் காத்திருக்கிறான்.

ஆரையம்பதி_டீச்சர் எழுதியது:

தம்பி கல்லடியான், உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியம். சுவிஸ்காரர் "குடிவரவு" என்று பயப்படுகிறதையும் நாங்கள் "குடியேற்றம்" என்று பயப்படுகிறதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டக்கூடாது. இங்கே ஒரு வயதான ஆளிடம் குடியேற்றம் என்று சொல்லிப் பாருங்கள், அவருக்கு விசாவோ விமானமோ ஞாபகம் வராது. பட்டிப்பளை ஆறு கல்லோயா என்று சிங்களப் பெயரானதும், 1949இல் தொடங்கிய அந்த நீர்ப்பாசனத் திட்டத்தில் அரசாங்கமே பெரும்பாலும் சிங்கள ஆக்களைக் கொண்டுவந்து காணி கொடுத்து இருத்தியதும், 1961இல் மட்டக்களப்பில் இருந்து அம்பாறையைத் தனி மாவட்டமாகப் பிரித்ததும்தான் வரும். மயிலத்தமடு, மாதவனையில் மேய்ச்சல் தரையைக் கேட்டு 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கியதும் அதே கதையின் தொடர்ச்சிதான். அது அரசாங்கம் கோடு போட்டு, எந்தத் தொகுதியில் எந்தச் சனம் கூட இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்கிற வேலை. உங்கள் மாமாவின் பயம் அங்கே இருந்து வந்தது, அது நியாயமான பயம். ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு வந்த சேலைக்காரருக்குப் பின்னால் எந்த அரசாங்கம் நிற்கிறது? அவர் விசா விதியை மீறினால் அதற்கு ஒரு தண்டம் இருக்கிறது, அவ்வளவுதான். பெரியவன் மேல் இருக்கிற கோபத்தைக் கையில் அகப்பட்டவன் மேல் இறக்குகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் சனத்துக்குக் கசக்கும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகச் சனம் நாடற்றவர்களாக ஆனது எல்லோருக்கும் தெரியும். அதன் அடுத்த சட்டமான இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு நம் தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஆதரவாக வாக்களித்தார். செல்வநாயகம் முரண்பட்டு அவருடைய தமிழ்க் காங்கிரசில் இருந்து வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று அரிசி மூட்டை மாதிரிப் பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு முழுத் தீர்வு வர 2003 ஆனது. நூறு வருடத்துக்கு மேல் தேயிலை பறித்த சனத்தைப் பார்த்து "நீ வந்தவன்" என்று சொல்ல நம்மவர் வாயும் கூசவில்லை.

"வந்தாரை வாழவைக்கும் மட்டக்களப்பு" என்று மேடையில் சொல்லிக்கொள்வோம், வந்தவனை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவோம் என்று யாழ்ப்பாணத்தார் பகிடி பண்ணினால் அதற்கும் பெருமைப்படுவோம். ஆனால் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்து முப்பது வருடம் இருக்கிற என் வீட்டுக்காரரை இன்றைக்கும் எங்கள் ஒழுங்கையில் "களுவாஞ்சிக்குடியார்" என்றுதான் சொல்கிறார்கள். களுவாஞ்சிக்குடி ஒரு பஸ் தூரம்.

செங்கலடி_லண்டன் எழுதியது:

டீச்சர் கடைசியில் சொன்னதைப் படித்து பஸ்ஸுக்குள் சிரித்துவிட்டேன்.

நான் 2023இல் முதியோர் பராமரிப்பு வேலை விசாவில் வந்தவள். ஏஜென்சிக்குக் கொடுத்த காசுக்கு அம்மாவின் தாலிக்கொடி இன்னும் அடைவில் இருக்கிறது. வந்து ஒரு வருடம் ஆவதற்குள் 2024 மார்ச்சில், இனி இந்த வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். ஐந்து வருடத்தில் நிரந்தர வதிவிடம் என்று நம்பி வந்தால், அதைப் பத்தாக்கப் போகிறோம் என்று 2025 மே மாத அரசாங்க வெள்ளை அறிக்கையில் எழுதினார்கள்.

வெள்ளைக்காரர் சொன்னால் அவ்வளவு வலிக்காது, அவர்கள் வீடு. ஒரு நாள் கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு அன்ரி, 80களில் வந்தவ, "இப்ப வாற ஆக்களாலதான் எங்கட பேரும் கெடுது, நாங்கள் எல்லாம் கஷ்டப்பட்டு வந்தனாங்கள்" என்றா. நான் முதல் நாள் இரவு வேலை முடித்து நித்திரை இல்லாமல் வந்து நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை, பாயாசம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கல்லடியான் அண்ணன், நீங்கள் குறைந்தபட்சம் கேள்வியாவது கேட்கிறீர்கள்.

மருதமுனை_டோஹா எழுதியது:

தங்கச்சி, அந்த அன்ரியின் கையில் இருந்ததும் அதே பாயாசம்தானே. விடுங்கள்.

அண்ணன், காணி விஷயத்துக்கு ஒரு வழி. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும், ஆனால் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துத் திரும்ப எடுக்கலாம், சுவிஸும் 1992இல் இருந்து அதற்கு விடுகிறது. பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். 55 வயது தாண்டியிருந்தால் ஒரு வழி, படிப்பு அல்லது தொழில் தகைமை, இலங்கையில் சொத்து, வங்கி வைப்பு என்று வேறு வழிகளும் உண்டு. கிடைத்த பிறகு உறுதி எழுதலாம். தேர்தலில் மட்டும் நிற்க முடியாது, 2022இல் வந்த 21ஆம் திருத்தம் இரட்டைக் குடியுரிமைக்காரர் பாராளுமன்றத்துக்குப் போக முடியாது என்கிறது. உங்களுக்கு அந்த ஆசை இருக்காது என்று நம்புகிறேன்.

கல்லடியான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆசை இல்லை தம்பி, எனக்கு வயல் மட்டும் போதும். அதுவும் இப்போது அவ்வளவு அவசரம் இல்லை. மருதமுனைத் தம்பி விலை பற்றி எழுதியதைப் படித்த பிறகு, அந்த இரண்டு ஏக்கரை இவ்வளவு நாளும் குத்தகைக்குச் செய்கிறவர் யார் என்று மாமாவிடம் கேட்கவே இல்லையே என்று உறைத்தது. டீச்சர் சொன்ன பிரிப்பு எனக்குத் தேவையாக இருந்தது. ஆனால் மகளிடம் அதை அப்படியே ஜெர்மனில் விளங்கப்படுத்தப் போனால் "குடியேற்றம்", "குடிவரவு" இரண்டுக்கும் ஒரே சொல்தான் வாயில் வருகிறது, அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். அவள் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

நேற்று மாமாவுக்குப் போன் எடுத்தேன். வயலைக் கேட்டேன், காத்தான்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் எட்டு வருடமாகச் செய்கிறாராம், நல்ல மனிசனாம். பிறகு மாமி போனை வாங்கினா. சேலைக்காரர் போன கிழமை திரும்ப வந்தாராம். மாமா வயலுக்குப் போன நேரம். மாமி இரண்டு சேலை எடுத்திருக்கிறா, கடனுக்கு. மாமாவிடம் நான் சுவிஸில் இருந்து கொண்டுவந்தது என்று சொல்லியிருக்கிறாவாம், கேட்டால் ஓம் என்று சொல்லட்டாம்.