கண்டென்சர், இவாபரேட்டர்: தமிழில் எப்படி?

மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்:
வணக்கம். அடுக்குமாடி வீட்டாருக்கான ஏர்கோன் பராமரிப்புத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிப்ரவரி வெயிலுக்கு முன் கைக்குக் கிடைக்க வேண்டும். ஃபில்டர் வடிகட்டி, டிரேன் பேன் வடிநீர்த் தட்டு. அறைக்குள் குளிரூட்டும் சுருளான இவாபரேட்டருக்கும், வெளியே வெப்பத்தை விடும் சுருளான கண்டென்சருக்கும் ஆவியாக்கி, ஒடுக்கி போதுமா?

பயிற்றுநர், பட்டர்வொர்த்:
ஆவியாக்கி வீட்டாரைக் குழப்பும், அம்மா. ஆவியாவது குழாய்க்குள் ஓடும் ஆர்32 என்ற குளிரூட்டும் பொருள். சுருளின் மேலோ காற்றின் ஈரம் நீராகிச் சொட்டுகிறது. சுவரில் தண்ணீர் ஒழுகினால் ஆவியாக்கிதான் பழுது என்பார்கள். பெரும்பாலும் குற்றம் வடிகுழாயில். பாசியும் தூசும் சேர்ந்து கொழகொழவென்று அடைத்திருக்கும். தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றினால் தேங்காமல் வெளியே போக வேண்டும்.

கண்டென்சர் என்றே எழுதுவது ஆபத்து. பழைய வழக்கில், மின்னேற்றத்தைச் சேமிக்கும் கப்பாசிட்டருக்கும் அதே பெயர். 'கண்டென்சரைக் கழுவுக' என்று படித்துவிட்டு யாரும் மின்பகுதியைத் திறந்துவிடக் கூடாது. மெயினை அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

தமிழாசிரியர், பாயான் பாரு:
ஒடுங்கு தன்வினை, ஒடுக்கு பிறவினை. ஒடுக்கியில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஒடுக்குமுறை நினைவுக்கு வருகிறது. மலாயில் பெஞெஜாட், பெமெலுவாப் என்று செயலை வைத்தே பெயரிட்டார்கள். நாம் குளிர்ச்சுருள், வெப்பச்சுருள் எனலாம். சங்கப் பாட்டில் தினைப்புனத்துக் கிளி ஓட்டும் கருவிக்கே 'குளிர்' என்று பெயர். கருவிப் பெயராக நிற்கும் உரிமை அச்சொல்லுக்கு உண்டு.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அந்தக் குளிர் வேறு, இந்தக் குளிர் வேறு அல்லவா? வெப்பச்சுருள் என்றால் குளியலறை ஹீட்டர்தான் நினைவுக்கு வரும்.

பயிற்றுநர்:
உட்சுருள், வெளிச்சுருள் என்போம். அறையைச் சூடாக்கவும் செய்யும் எந்திரங்களில் இரு சுருள்களும் வேலையை மாற்றிக்கொள்ளும், இடம் மாறுவதில்லை. அறிக்கையில் இப்படி வரட்டும்: 'மெயினை அணைக்கவும். வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவி நிழலில் உலர்த்தவும். தூசு அடைத்தால் காற்றோட்டம் குறைந்து உட்சுருளில் பனிக்கட்டி பிடிக்கும். வெளிச்சுருளின் தகடுகளை மேலிருந்து கீழாக, தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவவும். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும்.'

தமிழாசிரியர்:
வீட்டாருக்குப் போதும், வகுப்புக்குப் போதாது. குளிர்சாதனப் பெட்டியில் எந்தச் சுருளை உள் என்பது, எதை வெளி என்பது? செயலைச் சொல்லும் பெயர் மாணவனுக்கு வேண்டும். குளிர்ச்சுருளை நான் கைவிடவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
இப்போதைக்கு உட்சுருள், வெளிச்சுருள் போகட்டும். பலருக்கு எளிதாக 'உள்சுருள்' என்று பிரித்து எழுதட்டுமா?

தமிழாசிரியர்:
வேண்டாம், அம்மா. புணர்ச்சியையாவது விட்டுவைப்போம்: உட்சுருள்.