ஸ்டெபிலைசேஷன்: ‘ஆட்டத்தணிப்பு’ என்று ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

வீடியோவில் கேமரா ஆட்டத்தைக் குறைக்கும் வசதியான ஸ்டெபிலைசேஷனுக்கு, நம் கலைச்சொல் தொகுப்புக்காக இதுவரை உறுதிப்படுத்தல், நிலைப்படுத்தல், நடுக்கநீக்கம் என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. உறுதிப்படுத்தல் என்றால் டிக்கெட் முன்பதிவுதான் நினைவுக்கு வருகிறது. நிலைப்படுத்தல் பிழையில்லை, ஆனால் விலைக்கும் மண்ணுக்கும் அதையே சொல்கிறோம். நடுக்கநீக்கம் அழகான சொல். ஆனாலும் ‘நீக்கம்’ என்று பார்த்து வாங்குபவர், ஆட்டம் முழுக்கப் போய்விடும் என்று நம்புவார். எந்தக் கேமராவிலும் அது குறையுமே தவிர, முழுக்கப் போகாது. ஆகவே ஆட்டத்தணிப்பு என்கிறேன்.

பொதுச்சொல் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை பைக்கில் போய்ப் படம்பிடிக்க விரும்பும் இளைஞர்கள் முதலில் கேட்பது, “போனையே ஹேண்டில்பாரில் மாட்டினால் போதாதா?” என்றுதான். அதற்குப் பதில் சொல்ல, ஆட்டம் எந்த வழியில் தணிகிறது என்பதையும் சொல் காட்ட வேண்டும்.

பல போன்களில் லென்ஸே நுண்ணிய காந்தவிசையில் நகர்ந்து கை ஆட்டத்தை ஈடுகட்டுகிறது. இதை வில்லைவழித் தணிப்பு எனலாம். சிலவற்றில், ஒளியைப் படமாக்கும் உணரி (சென்சார்) நகரும். அது உணரிவழித் தணிப்பு. இரண்டிலும் அசையும் உறுப்பு உண்டு. பைக்கில் சிக்கலே அதுதான். பெரிய எஞ்சின்களின் அதிர்வு, வண்டியின் சட்டம், ஹேண்டில்பார் வழியாக ஏறி அந்த உறுப்புகளைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. ஸ்கூட்டரானாலும் அதிர்வு தாங்கும் பிடிப்பான் போடவும், நெடுநேரம் தொடர்ந்து மாட்டிவைக்காமல் இருக்கவும் சொன்னது.

ஆக்‌ஷன் கேமரா என்பது ஹெல்மெட்டிலோ வண்டியிலோ மாட்டும் சிறிய கேமரா. அதன் வழி வேறு. அது தேவைக்கு மேல் அகலமாகப் படமெடுத்து, உள்ளிருக்கும் சுழற்சி உணரி (ஜைரோ) சொல்லும் கணக்குப்படி ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃபிரேம்) நகர்த்தி, ஓரத்தை வெட்டிவிடுகிறது. கோப்ரோ நிறுவனம் 2018இல் ஹீரோ 7 பிளாக் கேமராவில் கொண்டுவந்த ஹைப்பர்ஸ்மூத் இந்த வகைதான். இதற்குச் சட்டகவழித் தணிப்பு என்று பெயர் வைக்கலாம். லென்ஸைத் தாங்கி அசையும் உறுப்பு இல்லாததால் பைக்குக்கு இதையே பரிந்துரைப்பேன். இரண்டு குறைகள் உண்டு. ஓரம் வெட்டுப்படுவதால் பாம்பன் சாலைப் பாலத்தில் போகும்போது இருபுறக் கடலும் கொஞ்சம் குறுகும். அந்தி மயங்கியபின் தேவிபட்டினம் பக்கம் ஓட்டினால், ஒளி போதாமல் ஷட்டர் மெதுவாகும். சட்டகம் அசையாது, ஆனால் அதற்குள் படம் கலங்கித் துடிக்கும். ‘நீக்கம்’ என்ற சொல்லை நான் ஏற்காததற்கு இதுவும் காரணம்.

ஒரு நண்பர் ‘ஜெல்லி ஆட்டத்துக்கு’ச் சொல் கேட்டிருந்தார். உணரி படத்தை ஒரே சமயத்தில் மொத்தமாகப் படிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அதற்குள் வண்டி நகர்ந்துவிடுவதால் பாலத்து விளக்குக்கம்பங்கள் சாய்ந்து தெரிகின்றன, எஞ்சின் அதிர்ந்தால் நெளிகின்றன. கம்பம் சாய்வதை வரிச்சாய்வு என்றும் நெளிவதை வரிநெளிவு என்றும் பிரிக்கலாம். நெளிவைக் குறைக்க, ஹேண்டில்பாரைவிட ஹெல்மெட்டின் தாடைப் பகுதி நல்ல இடம். எஞ்சின் அதிர்வை நம் உடம்பே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். ஹெல்மெட் உச்சியில் மட்டும் மாட்ட வேண்டாம். கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாம்பனில் அது கழுத்தையே திருப்பும். காற்றின் வேகம் எல்லை மீறினால் ரயிலையே நிறுத்தும் இடம் அது.

சொல்லாக்கத்துக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று: தனுஷ்கோடிச் சாலையில் மணலும் உப்பும் லென்ஸ் கண்ணாடியில் படியும். துணியால் துடைத்தால் கீறல் விழும். தண்ணீர் புகாத கேமராவா, மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்து, முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஆக்‌ஷன் கேமராவுக்கு ‘அதிரடிப் படக்கருவி’ என்பது எனக்கு ஒட்டவில்லை, சண்டைக்காட்சி எடுக்கும் கருவி போலிருக்கிறது. நல்ல சொல் வரும்வரை ஆக்‌ஷன் கேமராவாகவே இருக்கட்டும்.

ஆட்டத்தணிப்பைத் தலைச்சொல்லாகவும், வில்லைவழி, உணரிவழி, சட்டகவழி மூன்றையும் அதன் உட்பிரிவுகளாகவும் தொகுப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ‘சட்டகவழி’ புரியவில்லை என்று யாருக்காவது தோன்றினால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து