குக்கரைக் கவிழ்த்துப் பாருங்கள், அத்தை

குழு: உட்லண்ட்ஸ் சொந்தங்கள்

செல்வி அத்தை, இரவு 8:12
இணையத்தில் வாங்கிய ரைஸ் குக்கர் வந்துவிட்டது. கடை விலையில் பாதிதான். இரண்டு கம்பி பிளக், கூடவே ஓர் அடாப்டர். ஆனால் அரிசி வேகும்போது அடாப்டர் தொட முடியாமல் சுடுகிறது. அப்படித்தான் இருக்குமா?

குமரன், 8:14
முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள் அத்தை. அப்புறம் பேசலாம்.

செல்வி அத்தை, 8:17
பிடுங்கிவிட்டேன்பா. அடாப்டரின் ஓட்டையோரம் பழுப்பேறி, பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது.

குமரன், 8:18
குக்கரைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படமெடுத்துப் போடுங்கள்.

செல்வி அத்தை, 8:20
(படம்)

ரவி சித்தப்பா, 8:22
ஐரோப்பாவின் சிஇ முத்திரை போட்டிருக்கிறதே. ஐரோப்பிய ஒன்றியத்தோடு நம் சிங்கப்பூருக்கு வர்த்தக ஒப்பந்தம் 2019 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அங்கே செல்லுவது இங்கே செல்லாதா?

குமரன், 8:27
செல்லாது சித்தப்பா. மின்சாதனங்களின் சான்றுத் தாள்களைச் சரிபார்ப்பதுதான் எனக்கு வேலை. இதுபோன்ற சாமான்களுக்கு சிஇ என்பது தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் முத்திரை. இங்கே ரைஸ் குக்கர் உட்பட 33 வகை வீட்டுச் சாதனங்களுக்கு வேறொருவர் சோதித்துச் சான்று தரவேண்டும், பதிவும் செய்யவேண்டும். அதன் பிறகுதான் சேஃப்டி மார்க், அதன் கீழே எட்டு இலக்க எண். அந்த எண்ணைப் பிடித்தால் இங்கே பதிவு செய்தவர் யார் என்று தெரிந்துவிடும். கோளாறு என்றால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

மீனா, 8:29
அப்படியானால் ஒப்பந்தங்களால் என்ன பயன் அண்ணா?

குமரன், 8:34
ஒரே சோதனையை இரண்டு முறை செய்யாமல் இருக்க. மின்சாதனங்களுக்கு 2002-இல் ஆசியான் நாடுகள் ஓர் உடன்பாடு செய்தன. பட்டியலில் உள்ள மலேசிய ஆய்வகம் நம் விதிப்படி சோதித்துக் கொடுத்தால், இங்கே அந்த அறிக்கையை ஏற்கிறோம். காசும் நாளும் மிச்சம். ஆனால் விதி நம்முடையது. அதை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அம்மா, 8:36
மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னார்களே, அதுவும் இப்படித்தானா?

குமரன், 8:38
அது 2024 ஏப்ரலில், அம்மா. எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி அளவுக்கு மீறி இருப்பதை ஹாங்காங் உணவுத்துறை அறிவித்தது, நம் உணவு அமைப்பு இங்கே திரும்பப் பெற வைத்தது. அங்கே கண்டுபிடித்தது நம் சமையலறையைக் காப்பாற்றியது. நாடுகள் ஒத்துழைக்க வேண்டியது இதற்குத்தான்.

செல்வி அத்தை, 8:41
ஸ்டிக்கரில் எண்ணே இல்லை குமரா. விற்றவர் எந்த ஊர் என்றும் தெரியவில்லை.

குமரன், 8:42
இனி அதைச் செருகவே வேண்டாம். சனிக்கிழமை தேக்கா பக்கம் போய் வேறு வாங்கலாம், நானும் வருகிறேன்.

செல்வி அத்தை, 8:44
சரிப்பா. பாதி வெந்த அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டேன்.