வெள்ளனப் போய் அடித்தால் பெற்றோல் கூடுதலாக வருமா?

சோழகம், அதுதான் தென்மேற்குக் காற்று, தொடங்கினால் எங்கள் பக்கம் இந்தக் கதையும் தொடங்கிவிடும். கிளிநொச்சியில் ஒரு பெற்றோல் செட்டில் மத்தியானம் காருக்கு அடிக்க நின்றபோது பக்கத்தில் நின்ற ஐயா, "தம்பி, இந்த வெயிலுக்க அடிச்சா காசுக்கு நட்டம், விடிய வெள்ளன வரவேணும்" என்றார். போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடி, ஸ்டார்ட் பண்ண மட்டும் போத்தலில் துளித்துளியாகப் பெற்றோல் வைத்திருந்த தலைமுறை, அவர் கணக்குப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

அவர் சொன்னதில் பாதி சரி. பெற்றோல் சூட்டில் விரியும், 10 பாகை ஏறினால் 100 லீற்றர் கிட்டத்தட்ட 101 லீற்றராகும், பம்ப் மீற்றரும் நிறையைப் பார்ப்பதில்லை, கொள்ளளவைத்தான் பார்க்கிறது. ஆனால் செட்டுக்காரரின் தாங்கி நிலத்துக்குக் கீழே கிடக்கிறது. மேலே தார் உருகினாலும் காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் அங்கே சூடு பெரிதாக மாறாது. வெயிலில் ஓடிவந்த பவுசர் இறக்கினால் கொஞ்சம் ஏறும்தான், அது ஒரு இரவில் ஆறிவிடாது. ஒரு பாகை மாறியது என்றே வைத்தாலும் 40 லீற்றருக்கு 40 மில்லிலீற்றர்கூட வராது, மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் அடிப்பவருக்கு ஒரு தேக்கரண்டி. இதற்காக ஒட்டுசுட்டான் உள்பக்கத்தில் இருந்து தனியாக ஒருமுறை வந்து போனால் அதைவிடக் கூட எரிந்துவிடும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். தூரம் ஓடுகிற ஆட்கள் வாய்மட்டம் வரை அடிக்கச் சொல்லுவார்கள். நிலத்துக்குக் கீழே இருந்து வந்த 40 லீற்றர், வெயிலில் நிற்கிற காருக்குள் 15 பாகை சூடேறினால் அரை லீற்றருக்கு மேல் விரியும், அது எங்கே போகும்? முல்லைத்தீவுக் கடற்கரையில் அப்படி நிறுத்திய நண்பரின் காரடியில் பெற்றோல் மணம் தாங்க முடியவில்லை, மூடியடியில் ஈரம். ஆவியை உறிஞ்ச வைத்திருக்கிற கரிப்பெட்டிக்குள் பெற்றோலே போனால் அது பழுதாகும், செலவும் சின்னச் செலவில்லை.

அதைவிட மோசம் கான். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசைகளுக்குப் பிறகு டிக்கிக்குள் ஒரு கான் வைத்திருக்கிற பழக்கம் பலரிடம் இன்னும் போகவில்லை. மாங்குளத்தில் ஒரு விவசாயி வயலுக்கு எடுத்துப் போன கான் ஊதிப் பருத்து நின்றது, மூடியைத் திறந்ததும் சீறிக்கொண்டு கையெல்லாம் பெற்றோல். பக்கத்தில் ஒருவர் பீடியோடு நின்றார், சத்தம் போட்டுத்தான் விலத்தினோம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு படர்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

கானில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் நிலத்தில் வைத்து அடியுங்கள், மேலே இடம் விடுங்கள், அன்றைக்கே பாவித்து முடியுங்கள். காருக்கு, பைப் டக்கென்று தானாக நின்றதும் போதும் என்று அடிக்கிற பொடியனிடம் சொல்லுங்கள், ரூபாயை முழுத்தொகை ஆக்க இன்னும் கொஞ்சம் விடுவார்கள், விட வேண்டாம்.